கொமோரோஸ் விதவை காணாமல் போனாள்

என் மாட்டிறைச்சி சூப் பாதிக் கிண்ணத்தில் இருக்கும்போது ஒரு விதவை காணாமல் போனாள்.

"எப்போ கடைசியா பாத்தீங்க?" என்று வெங் அக்கா ஃபோனில் கேட்டார்.

"நேத்து சாயங்காலம்! சட்டம் இருக்கு, கண்ணாடி இருக்கு, ஆணி கூட இருக்கு. அவ மட்டும் இல்ல!" ஃபோனை மேசைமேல் வைத்திருந்தும் பக்கத்துக் கடை வரை கேட்டது அந்தக் குரல்.

"சட்டத்துக்குள்ள இருக்கற விதவையா?" என்றேன் நான். "அப்ப சாப்பாடு தண்ணிக்குக் கஷ்டப்பட மாட்டா. நாம சூப்பை முடிச்சிட்டே போகலாம்க்கா."

வெங் ஷு-லான் என்கிற என் முதலாளி பதினைந்து வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்துபோன கடைகளை முகர்ந்து பார்த்தவர். "தானா எரிஞ்சதா, எரிச்சதா" என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவார். அந்த வேலையை விட்டு தைவானின் தைனான் நகரில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தபோது, கல்யாண ஃபோட்டோக்காரரிடம் விளக்குப் பிடித்துக்கொண்டிருந்த என்னை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். என் பெயர் ஆ-பின். எனக்குத் தெரிந்தது இரண்டே விஷயம்: ஸ்கூட்டர் ஓட்டுவது, வாய் ஓட்டுவது.

ஃபோனில் அலறியவர் இயக்குநர் யூ. பழைய சர்க்கரைக் கிடங்கு ஒன்றைக் கண்காட்சிக் கூடமாக மாற்றி நடத்துகிறவர். நாங்கள் போனபோது வாசலில் நின்று தன் கழுத்துப்பட்டையைத் தானே இறுக்கிக்கொண்டிருந்தார்.

"மூணு மணிக்குத் திறப்பு விழா. நடுவர்கள் வராங்க. ருவான் சாருக்குத் தனிப்பயணி விருது குடுக்கப் போறாங்க. இது சொதப்பிச்சுன்னா நகராட்சி இந்த இடத்த கார் நிறுத்தமா மாத்திடும், வெங் மேடம். ஏற்கெனவே ரெண்டு தடவ வந்து அளந்துட்டுப் போயிட்டாங்க!"

ருவான் தே-ஃபாங் யாரென்று தைனானில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பேருந்துகளின் முதுகில் எல்லாம் அவர் புத்தகத்தின் விளம்பரம்தான் ஓடிக்கொண்டிருந்தது. 'யாரும் போகாத தேசங்கள்: நான், என் நிழல், ஒரு கேமரா.' மற்றவர்கள் ஜப்பானில் ஒசாகாவுக்குப் போய் பாதி மருந்துக்கடையை வாங்கிக்கொண்டு வரும்போது இவர் துவாலுவுக்கும் துர்க்மெனிஸ்தானுக்கும் தன்னந்தனியாகப் போய் ஞானம் வாங்கிக்கொண்டு வருவார்.

கூடத்துக்குள் அந்த ஞானம் வரிசையாகத் தொங்கியது. துவாலு கடற்கரைப் படத்தின் கீழே: 'இந்தக் கடல் என்னிடம் மட்டும் பேசியது.' சாவோ தோமே தீவில் ஒரு பெரியவர் சிரிக்கும் படத்தின் கீழே: 'அவரிடம் எதுவும் இல்லை. ஆயினும் எனக்கு ஒரு புன்னகை தந்தார்.'

"அக்கா, இந்த எதுவும் இல்லாதவர் கையில சாவிக்கொத்து இருக்கு பாருங்க. பின்னாடி டயர் கடை. அவரோடதுதான் போல."

"வாய மூடுடா. வா."

கடைசிச் சுவர்தான் சிறப்புச் சுவர். கொமோரோஸ் தலைநகரில் எடுத்த 'மொரோனியின் விதவை' தொங்க வேண்டிய இடத்தில், அதே சட்டத்துக்குள் வேறொரு படம் இருந்தது. பேருந்து இருக்கையில் ஒரு மனிதர் தூங்குகிறார். தொப்பி நழுவி மூக்கில் நிற்கிறது. வாய், பல் மருத்துவரே 'போதும்' என்று சொல்லுமளவுக்குத் திறந்திருக்கிறது. ருவான் தே-ஃபாங்!

கீழே, மற்றப் படங்களுக்கு இருந்த அதே மாதிரி அட்டையில், அதே எழுத்தில் குறிப்பு: 'இந்த இனத்தார் பிற்பகலில் வாயைத் திறந்து வானத்திடம் மழை வேண்டுவர். இவர் பெயர் தெரியவில்லை. பெயர் கேட்கும் வழக்கம் எனக்கில்லை.'

நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். தோள் குலுங்குவது தெரியாமல் சிரிப்பது கஷ்டம்.

"சிரிங்க, சிரிங்க!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பன்னிரண்டு பை வைத்த மேல்சட்டையும் பாலைவனத் துண்டும் அணிந்து, தைனான் வெயிலில் வேர்த்து வடிந்தபடி ருவான் நின்றார். "இது போலிப் படம். கம்ப்யூட்டர் வரைஞ்சது. நான் தனியாப் போற ஆளு. நான் தூங்கும்போது என்னை யாரு எடுக்க முடியும்? யோசிங்க!"

"அதத்தான் யோசிக்கறேன்," என்றார் வெங் அக்கா.

சட்டத்தின் அருகே போய் விரலால் தொட்டார். கண்ணாடி பளபளவென்று துடைத்திருந்தது. சட்டம் நூல் பிடித்தாற்போல நேராகத் தொங்கியது. பக்கத்தில் ருவானே மாட்டிய துவாலு கொஞ்சம் சரிந்திருந்தது.

"நல்ல திருடன்க்கா. நம்ம ஆபீசுக்கு ஒரு தடவ வந்தா தேவல."

"பூட்டு உடையல. குறிப்பட்டை இந்தக் கூடத்துலயே அடிச்சது. இப்ப பஸ் ஜன்னலப் பாரு."

தூங்கும் ருவானுக்குப் பக்கத்து ஜன்னல் கண்ணாடியில் பேருந்தின் உட்புறம் லேசாகத் தெரிந்தது. முன்னால் யாரோ ஒரு கம்பைப் பிடித்திருந்தார்கள். கம்பின் நுனியில் முக்கோணமாக ஒரு மஞ்சள் கொடி. கொடியில் ஒரு மீன்.

"உங்க நிழல் கையில கொடி பிடிக்குமா, ருவான் சார்?" என்றேன்.

ருவான் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "நான் போலீசுக்குப் போறேன்."

"போங்க," என்றார் வெங் அக்கா. "அதுக்கு முன்னாடி காணாமப் போனவ முகத்த நான் பாக்கணும்."

முகம் வெளியே வாசல் தூணில் இரண்டு ஆள் உயரத்துக்குத் தொங்கியது. கொமோரோஸ் தீவுப் பெண். நாற்பது வயதிருக்கலாம். கன்னம், நெற்றி எல்லாம் மஞ்சள் நிறத்தில் ஏதோ கெட்டியாகப் பூசியிருந்தது. உதடுகளை இறுக மூடிக்கொண்டு நேராக நம்மைப் பார்த்தாள். கீழே: 'துக்கத்தின் முகமூடி. கணவனை இழந்தவள் பேச மறந்தாள். நானும் மறந்தேன்.'

"இவர் எங்க மறந்தாரு, நானூறு பக்கம் எழுதிருக்காரு," என்றேன். பிறகு படத்தின் அடியோரத்தில் என் கண் நின்றது. பச்சையாக ஒரு கீற்று. பிறை மாதிரி வளைந்து, கலங்கி, அதன்மேல் ஒரு வெள்ளைப் பளபளப்பு.

"அது வாழையிலை," என்றார் ருவான், நான் கேட்பதற்கு முன்னாலேயே.

"இலை இப்படிப் பளபளக்காது சார். நாலு வருஷம் கல்யாணப் பொண்ணுங்க கையில விளக்கடிச்சவன் சொல்றேன், இது பச்சைக்கல் வளையல். ஆனா ரொம்பக் கலங்கலா இருக்கு. கேமரா கிட்டக்க எது வந்தாலும் இப்படித்தான் ஆகும். என் கட்டைவிரலே பல பொண்ணுங்க கல்யாணத்துல விருந்தாளியா வந்திருக்கு."

வெங் அக்கா சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார். உதட்டோரம் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்தால் எங்கேயோ ஒரு கடை தானாக எரியவில்லை என்று அர்த்தம்.

"ஸ்கூட்டர எடு. அந்த மீனப் பிடிப்போம்."

மீன் ரயில் நிலையத்துக்கு எதிரே, கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் கிடைத்தது. 'பால்மீன் சுற்றுலா' என்று பலகை. குழுத் தலைவர் காங் குடையும் கொடியும் சொருகிய ஒரு பூந்தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார்.

"பாரிசு, லண்டன் எல்லாம் நாங்க போறதில்ல," என்று பெருமையாகச் சொன்னார். "எங்க ஆளுங்க அதெல்லாம் பாத்து சலிச்சவங்க. யாரும் போகாத நாடு மட்டும்தான். எங்க போனாலும் காலையில கஞ்சி உண்டு. இதுவரைக்கும் ஒருத்தரையும் தொலைச்சதில்ல. எல்லாம் இந்தக் கொடியாலதான்."

"ருவான் தே-ஃபாங் உங்க கூட வந்திருக்காரா?"

காங்கின் முகம் கதவடைத்த கடை போல ஆயிற்று. "வாடிக்கையாளரப் பத்தி எதுவும் சொல்ல மாட்டேங்க. அது எங்க தொழில் தர்மம்."

"சரிதான்," என்று வெங் அக்கா எழுந்தார். வாசல் வரை போய்த் திரும்பினார். "நானும் உங்க கூட வரலாம்னு பாத்தேன். பஸ்ல தூங்கறவங்களுக்கு ஜன்னலோரம் கிடைக்குமா?"

"அது மட்டும் கேக்காதீங்க! ஜன்னலோரம் ருவான் சாருக்குத்தான்னு ஒவ்வொரு தடவையும் சண்டை..." காங் வாயில் பழத்தோடு நின்றுவிட்டார்.

"தொழில் தர்மம் தோல் வழுக்கி விழுந்துடுச்சு," என்றேன்.

அதற்குப் பிறகு எல்லாம் கொட்டியது. துவாலு, துர்க்மெனிஸ்தான், சாவோ தோமே, கொமோரோஸ், எல்லாமே பால்மீன் பயணங்கள்தாம். குழுப்படம் எடுக்கும்போது மட்டும் ருவானுக்குக் கழிப்பறை அவசரம் வந்துவிடும். கடற்கரையில் பெரியம்மாக்கள் கும்பலாகக் கால் நனைத்தால், "கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்ந்துக்குங்கம்மா, கடல் தெரியல," என்பார். கடல் அவரிடம் மட்டும் பேசிய ரகசியம் அதுதான்.

"கொமோரோசுக்கு வந்த மத்தவங்க எங்க?"

காங் கடிகாரத்தைப் பார்த்தார். "இப்ப விலாங்கு நூடுல்ஸ் கடையில இருப்பாங்க. அடுத்து நௌரு போறோம். அதப் பத்திப் பேசறதுக்கு என்னையும் வரச் சொன்னாங்க. நான்தான் போகப் பயந்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

கடையில் வட்ட மேசையைச் சுற்றி ஒன்பது பெரியம்மாக்கள். ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நான் அவர்கள் கைகளைப் பார்த்தேன். வெங் அக்காவும் பார்த்தார். ஒன்பது மணிக்கட்டிலும் பச்சைக்கல் வளையல்.

"அக்கா," என்று காதில் சொன்னேன், "இது துப்பு இல்ல. மொத்த வியாபாரம்."

 வெங் அக்கா தன் ஃபோனை எடுத்துத் தூக்கிக் காட்டினார். "பெரியம்மா எல்லாருக்கும் வணக்கம். எல்லாரையும் சேத்து ஒரு படம் எடுத்துக்கலாமா?"

இதைச் சொன்னால் எங்கள் ஊர்ப் பெரியம்மாக்கள் மறுப்பதில்லை. எட்டுப் பேர் தலைமுடியைச் சரி செய்து, தோளோடு தோள் ஒட்டி, இரண்டு விரலைத் தூக்கினார்கள். ஒருவர் மட்டும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து நேராக எங்களிடம் வந்து கையை நீட்டினார்.

"குடும்மா இப்படி. நீ எடுத்தா எல்லார் தலையையும் வெட்டிடுவ."

"நீங்க படத்துல நிக்கலையா?"

"நான் என்னிக்கும் எடுக்கறவ."

"தெரியும்," என்றார் வெங் அக்கா மெதுவாக. "மொரோனியில அந்தப் பொண்ண எடுத்ததும் நீங்கதான். வளையல் படத்துல இருக்கற பொண்ணு பக்கத்துல இல்ல. கேமராவுக்கு முன்னாடி, ரொம்பக் கிட்டக்க இருக்கு. ஒரு கையில ஃபோனப் பிடிச்சிருக்கீங்க, இன்னொரு கை குறுக்க வந்திருக்கு. ருவான் சார் கையில இருக்கறது ஆமை சைஸ் கடிகாரம். அந்தப் படத்த அவர் எடுக்கவே இல்ல."

நான் வாயைத் திறந்து அப்படியே வைத்திருந்தேன். அப்போது யாராவது என்னைப் படம் எடுத்திருந்தால் மழை வேண்டும் இனத்தில் சேர்த்திருப்பார்கள்.

பெரியம்மா வெங் அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். "நீ வெங் இல்ல? என் டிரைவிங் ஸ்கூல்ல ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரே கம்பத்த மூணு தடவ இடிச்சவ?"

வெங் அக்கா சிவந்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். "நாலு தடவ, லியாவ் அக்கா."

லியாவ் பாவ்-ஜூ பாதி தைனானுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். மறைத்துப் பேசத் தெரியாதவர். நாற்காலியை இழுத்து உட்கார்ந்து நேராகச் சொன்னார்.

"ஆமா, நான்தான் எடுத்துட்டுப் போனேன். படம் என் வீட்டு அலமாரிக்குப் பின்னால சுவரப் பாத்து நிக்குது. கேளு. அவ பேரு ஸலிஹாத்தா. நாங்க தங்கின விடுதிய நடத்தறவ. தங்கச்சி கல்யாணம்னு முகத்துக்குச் சந்தனம் அரைச்சுப் பூசிக்கிட்டிருந்தா. அழகுக்குப் பூசறது. எனக்கும்தான் பூசி விட்டா. என் கையில அந்தக் கிண்ணத்தக் குடுத்துப் பிடிக்கச் சொன்னா. சிரிச்சா சந்தனம் வெடிச்சிடும்னு உதட்ட இறுக்கிக்கிட்டா. அந்த மூஞ்சியப் பாத்து எனக்குச் சிரிப்பு தாங்கல, ஒரு படம் எடுத்தேன். 'இது நமக்குள்ள மட்டும், வெளிய காட்டக் கூடாது, பூச்சோட இருக்கறது பாதி உடுத்தின மாதிரி'ன்னா. சரின்னு வாக்குக் குடுத்தேன்."

"ருவான் சாருக்கு எப்படிப் போச்சு?"

"பஸ்ல பக்கத்துல உக்காந்து, 'நல்லா இருக்கே பெரியம்மா, ஞாபகத்துக்கு எனக்கும் அனுப்புங்க'ன்னான். அனுப்பினேன். அது என் தப்பு. அப்புறம் ஒருநாள் சிக்னல்ல நிக்கறேன், எனக்கு முன்னால பஸ் முதுகுல ஸலிஹாத்தா! கீழ விதவைன்னு போட்டிருக்கு. அவ புருஷன் கல்லு மாதிரி இருக்கான்மா!"

"ருவான் சாரக் கேக்கலையா?"

"கேட்டேன். ஃபோன்ல ஒரு இதயப் பொம்மை அனுப்பினான். இயக்குநருக்கு எழுதினேன். அதையும் காணோம். அதனால அங்கயே தொண்டரா சேந்தேன். தொண்டர் சட்டையப் போட்டா நம்ம யாரு கண்ணுக்கும் தெரிய மாட்டோம். நேத்து சாயங்காலம் இயக்குநரே என் கையில சாவியக் குடுத்து, 'பூட்டிட்டுப் போங்க பெரியம்மா'ன்னாரு. பூட்டறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை பாத்தேன்."

 அவர் குரல் இறங்கியது. "உன்னை யாரு கூப்பிட்டாங்களோ, அவங்களுக்கு நீ பதில் சொல்லணும். தெரியும். ஆனா அந்தப் படத்த நான் திருப்பித் தர மாட்டேன். போலீசு வந்தாலும் சரி. அவ என் கன்னத்தப் பிடிச்சு வாக்கு வாங்கினா."

வெங் அக்கா தேநீரைக் குடித்து முடித்தார்.  எங்களைக் கூப்பிட்டவர் இயக்குநர். படத்தை மூன்று மணிக்குள் கொண்டுவருவதாக அக்கா சொல்லியிருந்தார். சொன்னதைச் செய்யாத வழக்கு எங்களுக்கு இதுவரை இல்லை.

"நௌரு போறதுக்கு முன்னாடி," என்றார் கடைசியில், "எல்லாரும் ஒரு உள்ளூர் பயணம் போகலாமா? மூணு மணிக்கு, சர்க்கரைக் கிடங்குக்கு. காங்கையும் கொடியோட கூட்டிட்டு வாங்க. யாரும் தொலைஞ்சிடக் கூடாது பாருங்க."

மூன்று மணிக்குக் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. தூங்கும் படத்தை ஒரு வெள்ளைத் துணியால் மூடி வைக்கச் சொல்லியிருந்தார் வெங் அக்கா. இயக்குநர் யூ அந்தத் துணிக்கு முன்னால் கைகளை விரித்து, கோல்கீப்பர் போல நின்றார்.

"படம் எங்க மேடம்?" என்று பல்லிடுக்கில் கேட்டார்.

"எடுத்தவங்க கிட்டயே இருக்கு."

"திருடன் கிட்டயா?"

"எடுத்தவங்க கிட்ட," என்றார் அக்கா மறுபடியும்.

அதற்குள் தலைமை நடுவர் கைத்தடியோடு வந்து சேர்ந்தார். புவியியல் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்ற சாய் அம்மையார். எண்பது வயது. யாருக்காகவும் காத்திருக்கிற வழக்கம் இல்லாதவர். "இதுதானே சிறப்புப் படம்?" என்று கைத்தடியின் நுனியால் துணியை இழுத்துவிட்டார்.

 கூடத்தில் சிரிப்பு வெடித்தது. இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டார்.

சாய் அம்மையார் சிரிக்கவில்லை. குறிப்பை இரண்டு தடவை படித்தார். "நாப்பது வருஷமா பயணப் படங்கள் பாக்கறேன். போற இடத்துல எல்லாம் மத்தவங்கள வேடிக்கை பாக்கறவங்கதான். தன்னை வேடிக்கையா நிறுத்தின ஆள இப்பதான் பாக்கறேன். அபாரம்! ருவான் சார், இது நீங்க எடுத்ததா?"

நான் ருவானைப் பார்த்தேன். காலையில் 'போலி, கம்ப்யூட்டர் வரைந்தது' என்று குதித்த மனிதர். அவர் முகத்தில் கோபம் கரைந்து, கணக்கு ஓடி, பணிவு வந்து உட்கார்ந்தது. நகரப் பேருந்து மூன்று நிறுத்தம் போகிற நேரம்கூட ஆகவில்லை.

"ஆமாங்க," என்றார். "லென்சை என் பக்கம் திருப்பணும்னு ரொம்ப நாளா நினைச்சேன்."

கைதட்டல். பக்கத்தில் லியாவ் பெரியம்மாவின் தோழி ஒருத்தி இருந்திருந்தால் அப்போதே செருப்பைக் கழற்றியிருப்பாள்.

"தூங்கும்போது எப்படி சார் பொத்தான அமுக்கினீங்க?" என்று நான் கூட்டத்திலிருந்து கேட்டேன்.

"தானா எடுக்கற மாதிரி அமைச்சு வச்சிட்டுத் தூங்கினேன். தூக்கம் கூட என் கலையோட ஒரு பகுதிதான், தம்பி."

"அப்ப படத்துல இருக்கற எல்லாமே நீங்க திட்டம் போட்டு வச்சதா?" என்றார் வெங் அக்கா, மிகுந்த மரியாதையோடு.

"ஒவ்வொரு அங்குலமும்!"

"ஜன்னல்ல தெரியற அந்த மஞ்சள் கொடியுமா?"

சாய் அம்மையார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படத்தருகே குனிந்தார். "கொடியா? ஆமா... மீன் போட்ட கொடி. அது என்ன குறியீடு?"

அந்தக் கேள்விக்கு வாசலிலிருந்து பதில் வந்தது.

"பால்மீன் குழு இந்தப் பக்கம்! யாரும் பிரிஞ்சு போகாதீங்க! கழிப்பறை இடது பக்கம்!"

கூட்டத்தின் தலைகளுக்கு மேலே, மீன் போட்ட மஞ்சள் முக்கோணக் கொடி ஆடி ஆடி உள்ளே வந்தது. அதன் பின்னால் ஒன்பது பெரியம்மாக்கள், ஒரே நிற வெயில் தொப்பியோடு. கூட்டம் வழி விட்டது. எல்லார் கண்ணும் கொடியைப் பார்த்தது, படத்தைப் பார்த்தது, மறுபடி கொடியைப் பார்த்தது.

"அடடே, நம்ம ருவான்!" என்றார் லியாவ் பெரியம்மா. "என்னப்பா, படம் நல்லா வந்திருக்கே! நான் எடுத்ததுதானே இது? அன்னிக்கு நீ விட்ட குறட்டையில டிரைவரே வண்டிய நிறுத்திட்டு எஞ்சினப் பாத்தாரே!"

சாய் அம்மையார் கைத்தடியைத் தரையில் ஊன்றி நிமிர்ந்தார். "தனிப்பயணி," என்றார், அந்தச் சொல்லை முதல்முறை கேட்பவர் போல. விருதுத் தகட்டைக் கைப்பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டு நாற்காலி தேடப் போனார்.

கூட்டம் தேநீர்ப் பக்கம் நகர்ந்தபின் ருவான் கூடத்தின் மூலையில் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். துண்டைக் கழற்றிவிட்டார். கழுத்தில் வேர்க்குரு. லியாவ் பெரியம்மா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். திட்டப் போகிறார் என்று நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"துர்க்மெனிஸ்தான்ல, அஷ்காபாத்ல என் பெட்டியத் தூக்கிக்கிட்டு நாலு மாடி ஏறின," என்றார் அவர். "எனக்குக் காய்ச்சல் வந்தப்ப கஞ்சி வாங்கிட்டு வந்த. நல்ல பையன்தானே நீ. எங்கள ஏன்ப்பா வெட்டி எறிஞ்ச?"

ருவான் தன் காலணியைப் பார்த்துப் பேசினார். "மொதப் புத்தகத்துல எல்லாரையும் எழுதினேன் பெரியம்மா. காங், கஞ்சி, நீங்க பாட்டுப் பாடினது, எல்லாம். ஒரு பதிப்பாளரும் தொடல. 'பெரியம்மாங்களோட பஸ்ல போனவன் கதைய யாரு படிப்பா'ன்னாங்க. உங்கள எடுத்துட்டு எழுதினேன். வரிசையில நின்னு வாங்கினாங்க."

"சரி, எங்கள எடுத்த. அந்த ஆம்பளைய எதுக்குக் கொன்ன?"

 லியாவ் பெரியம்மா ஃபோனை எடுத்தார். "நான் வாக்கு தவறிட்டேன்னு அவகிட்ட இன்னும் சொல்லல. இப்ப சொல்லப் போறேன். நீயும் பக்கத்துல இரு."

மொரோனியில் அப்போது பகல். திரையில் ஸலிஹாத்தாவின் முகம் வந்தது. சந்தனம் இல்லாமல், மூக்குக் கண்ணாடியோடு, அகலமான சிரிப்போடு. பெரியம்மாவுக்கும் அவளுக்கும் நடுவே மொழிபெயர்க்கும் எந்திரக் குரல் ஒன்று. அதற்குப் பேச்சு மொழி தெரியாது. பெரியம்மா நடந்ததை எல்லாம் சொல்லி முடித்தார். ஸலிஹாத்தாவின் சிரிப்பு மறைந்தது. ஏதோ வேகமாகச் சொன்னாள்.

"நான் உங்களிடம் கோபம் கொள்கிறேன்," என்றது எந்திரம். "அப்பூச்சின் இடது கன்னம் சமமாக இல்லை. அதுவா பேருந்தில் செல்கிறது?"

"எடுத்துட்டேன். இனிமே எங்கயும் வராது," என்றார் பெரியம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. வெங் அக்காவிடம் முழுக்கதையும் கேட்டிருந்த இயக்குநர் யூ பக்கத்திலிருந்து வேகமாகத் தலையாட்டினார். வாசல் தூணில் இருந்த பெரிய படத்தை அப்போதே நாலு பேர் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"மன்னிப்பு பாதி வழங்கப்படுகிறது. மீதி நீங்கள் நேரில் வரும்போது. ஆனால் விதவை என்றது யார்?"

பெரியம்மா ஃபோனை ருவான் பக்கம் திருப்பினார். அங்கே திரைக்குள் ஸலிஹாத்தாவைத் தள்ளிக்கொண்டு ஒரு கனத்த மனிதர் வந்தார். கையில் சுத்தியல்.

"நான் ஹுமாதி. நான் இறந்துவிட்டதாக அறிகிறேன்," என்றது எந்திரம், மிகவும் அமைதியாக. "நீங்கள் என் வீட்டில் தேங்காய்ப்பால் சோறு உண்டீர். வறுத்த மீன் இரண்டாம் முறை கேட்டீர். நானே பரிமாறினேன். எந்த மீனுக்குப் பின் நான் இறந்தேன்?"

 என் வாழ்க்கையில் எனக்கு ஒரு கிண்டலும் தேவைப்படாத இடம் அது ஒன்றுதான்.

ருவான் எழுந்து நின்றார். திரையைப் பார்த்து இடுப்பு வளையக் குனிந்தார். "மன்னிச்சிடுங்க அண்ணே," என்றார். அவர் குரலில் புத்தகத்தின் சாயல் இல்லை. "மீன் ரொம்ப நல்லா இருந்துச்சு. அத எழுதியிருக்கணும். நீங்க பரிமாறினத எழுதியிருக்கணும்."

எந்திரம் அதை மொழிபெயர்த்தது. ஹுமாதி சுத்தியலை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு மனைவியிடம் ஏதோ கேட்டார். இரண்டு பேரும் தங்களுக்குள் வாதாடினார்கள். கடைசியில் ஸலிஹாத்தா திரைக்கு வந்தாள்.

"சுவரில் இடம் காலியாக உள்ளதா? என் கணவர் ஒரு வேண்டுகோள் வைக்கிறார்."

மறுநாள் காலை இயக்குநர் யூ என்னைக் கூப்பிட்டு விளக்குப் பிடிக்கச் சொன்னார். லியாவ் பெரியம்மா சட்டத்தை நேராக மாட்டினார். அதற்குள் வாசலில் வரிசை சாலை வரை போயிருந்தது. நகராட்சிக்காரர்களும் அதில் நின்றிருந்தார்கள், இந்தத் தடவை அளவு நாடா இல்லாமல்.

படத்தில் ஒரு கனத்த மனிதர், தகரக் கூரைமேல் நின்றுகொண்டு, கையில் சுத்தியலோடு, கேமராவை முறைக்கிறார். ஸலிஹாத்தா எடுத்தது. குறிப்பும் அவள் சொல்லி அனுப்பியதுதான்:

'பெயர் ஹுமாதி. என் கணவர். நேற்று வரை இறந்திருந்தார்.'